சுகிர்தா சொல்லாமல் விட்ட பெயர்

வெள்ளிக்கிழமை காலை, கொக்கட்டிச்சோலையிலிருந்து சுகிர்தாவின் தம்பி அழைத்தார். “அக்கா போயிட்டா, சேர். நெஞ்சு நோகுது எண்டவ, அப்பிடியே சரிஞ்சிட்டா.” நாற்பத்து மூன்று வயது. எங்கள் வைத்தியசாலையின் கணினி வலையமைப்பைப் பல ஆண்டுகள் பார்த்தவர். அவரோடு வேலைசெய்த உங்களில் பலர் அவரைக் கவலையீனமானவர் என்றே நம்புகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர், வைத்தியசாலைப் பணிப்பாளரான என் அறைக்கு வந்தார். இணையப் பெயர்களைக் கணினி முகவரிகளாக மாற்றித் தரும் மென்பொருளில் பிழை இருப்பதாக எச்சரிக்கை வந்திருந்தது.

“வாற பதில்ட நீளத்த அளக்காம நினைவகத்தில எழுதுது, சேர். இடம் காணாட்டி பக்கத்தில கிடக்கிறதுக்கு மேலயும் எழுதும். அதால வெளியாள் உள்ள வந்திரலாம். அரை மணித்தியாலம் நிப்பாட்டினாத் திருத்திப் போடுவன்.”

மறுநாள் அமைச்சிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். “இந்தக் கிழமை ஏலாது” என்றேன்.

“பிழை கிழமை பாக்காது, சேர்.”

நான் கோப்பைப் புரட்டத் தொடங்கினேன். அவர் சற்று நின்றுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலை நோயாளர் பதிவு எதுவும் திறக்கவில்லை. அந்தப் பிழை வழியாக எவரோ புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டிருந்தார்கள். அன்று பெரியகல்லாற்றிலிருந்து ஒரு மீனவரைக் காய்ச்சலோடு, நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது பதிவில்தான் இருந்தது. அதே மருந்தை ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் இறந்துவிட்டார்.

விசாரணையில், எச்சரிக்கையை ஏன் மேலிடத்துக்குச் சொல்லவில்லை என்று சுகிர்தாவிடம் கேட்டார்கள். “சொன்னனான்” என்றார். “யாரிடம்?” அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதன்பின் வாய் திறக்கவில்லை. தவறுக்குப் பொறுப்பானவராக அவர் பெயரை எழுதிக் கோப்பை மூடினார்கள். அவரைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள்.

பல மாதம் கழித்து, “ஏன் பிள்ள என்ட பேரச் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன், சேர்.”

சுகிர்தாவின் சவ அடக்கம் முடிந்த மறுநாள் பெரியகல்லாற்றுக்குப் போனேன். மீனவரின் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“அந்தப் பிள்ள இஞ்ச வந்து அழுதவ. நான் மண்ணள்ளித் தூத்திச் சபிச்சன்” என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சுகிர்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, விசாரணை அறையில் அவர் எனக்காகக் காத்திருந்த அந்த ஒரு நிமிடம். அவர் போன பிறகுதான் அந்த “யாரிடம்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறேன்: என்னிடம்தான்.