துரையோடு இறந்த நால்வர்

அறுபதுகளில் காஞ்சிபுரம் நூலகத்தில் நான் வேலை பார்த்தபோது ஒருவர் மூன்று நாள் வந்தார். அவருடைய தாத்தா தங்கச் சுரங்கத்தில் இறந்தவர். தேதி தெரியாததால் வீட்டில் யாரும் திதி கொடுத்ததில்லை. அந்தத் தேதியைத் தேடிப் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். மரணச் செய்திப் பக்கம் வரும்போதெல்லாம் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

மூன்றாம் நாள், சுரங்கத்துத் துரை ஒருவரின் மரணச் செய்திக்கு அடியில் ஒரு வரி இருந்தது: ‘உடன் நான்கு கூலிகளும் இறந்தனர்.’ பெயர்கள் இல்லை. அந்தத் தேதியை அவர் குறித்துக்கொண்டார்.

“இதுல உங்க தாத்தா இருக்காருன்னு எப்படித் தெரியும்?” என்றேன்.

“தெரியாதுபா. நாலு பேருக்குமே எள்ளுத் தண்ணி விட்டுடறேன். எங்க தாத்தா இல்லன்னாலும், அவுங்களையும் யாரோ தேடிக்கினுதான இருப்பாங்க?”

அந்தத் தேதிக்கு என்ன திதி என்று பார்க்கச் சர்வதீர்த்தக் குளக்கரை ஐயரிடம் போனார். துண்டு இடுப்பிலேயே இருந்தது.

அவர் பெயரை நானும் கேட்கவில்லை.