நாட்டுக்கு ஒரு மணி நேரம்

கடைக்காரர் நீட்டிய சோப்பை வாங்கியதும் சாராள் கவிழ்த்துப் பார்க்கிறார். பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் கிளப்புகிறார். அடியில் இன்னொரு சீட்டு இல்லை என்று உறுதியான பிறகுதான் அது பைக்குள் போகிறது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் இந்த நகத்தைத் தெரியும். "யக்கா, எல்லாத்தயும் இப்டி பிச்சிக்கினே இருந்தா நாங்க எப்டி விக்கறது?" என்பார்கள். "அடியில இன்னா கீதுன்னு பாத்தாதான் நைனா எனக்கு மனசு ஒத்துக்குது" என்பார் சாராள்.

இந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. நானும் அவரும் ஒரே மின்விசிறிக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்கள். நான் லோடு அனுப்பும் இடத்தில், அவர் பேக்கிங்கில். துறைமுகத்திலிருந்து வரும் மோட்டார்களின் மேல் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு சீட்டு இருக்கும். அதை மறைத்து, மூவர்ணக் கோடு போட்ட 'உள்நாட்டுத் தயாரிப்பு' சீட்டை ஒட்டுவதுதான் பதினோரு வருடமாக அவர் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு. ஒன்றுகூடக் கோணல் இருக்காது. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. மற்றபடி யாரையும் லேசில் நம்பமாட்டார். சர்ச்சுக்குப் புதிதாக வந்த பாஸ்டரை மூன்று மாதம் நோட்டம் விட்ட பிறகே கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

போன மாதம் கம்பெனியில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நாட்டின் பொருளாதாரம் தள்ளாடுகிறதாம். தொழிலாளர்கள் தினமும் ஒரு மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்து அதைத் தூக்கி நிறுத்த வேண்டுமாம். விருப்பமுள்ளவர்கள் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் வாரம் பார்த்து அந்தத் தாள் வந்ததால், எங்களுக்கு விருப்பமும் உடனே வந்துவிட்டது. நான் நான்காவது ஆளாகப் போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாராளுக்கு அந்த ஒரு மணி நேரம் என்பது ஆரம்பாக்கம் போகும் சாயங்கால ரயில். அதை விட்டால் அடுத்ததுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். வீட்டில் பத்தாவது படிக்கும் மகள் மோனிகா தனியாக இருப்பாள். கையெழுத்துப் போடாவிட்டாலோ, வேலையே இருக்காது.

அவர் முறை வந்தபோது மேனேஜர் ஆதிகேசவன் தாளையும் பேனாவையும் நீட்டினார். கூடவே, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு மூவர்ண பேட்ஜ். சாராள் பேட்ஜைக் கவிழ்த்தார். அதிலும் வெளிநாட்டு எழுத்து இருக்கும், கம்பெனி மானம் கப்பலேறப் போகிறது என்று வரிசையே காத்திருந்தது. ஒன்றும் இல்லை. தாளைக் கவிழ்த்தார். அதிலும் இல்லை. திருப்பிப் போட்டு எங்கள் பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இதுல ஒங்க பேரு எங்க சார் கீது?"

"நான் ஸ்டாஃப்மா. இது ஒர்க்கருங்களுக்கு."

"மொதலாளி பேரு?"

"அவரு வெளியூர் போயிருக்காரு. வந்து போடுவாரு. நீ போடும்மா, பின்னாடி ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க இல்ல."

"வரட்டும் சார். அவரு போட்டதும் அவருக்குக் கீழ நான் போடறேன்."

பேனாவை மேஜைமேல் வைத்தார். பேட்ஜின் பின்தாளை நகத்தால் உரித்தார். மேனேஜரின் சட்டைப் பைமேல் அதை வைத்து, கோணல் இல்லாமல், ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டார்.