கேபிளின் கடைசியில் ஒரு மூடி

ஏற்காட்டுக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் எனக்குத் தலை சுற்றும். அன்றைக்குக் கிடைக்கவில்லை. இறங்கிய பிறகு, கருவிப் பெட்டியைத் தூக்க மனமில்லாமல் சிறிது நேரம் நிறுத்தத்திலேயே நின்றேன். தொண்ணூறுகளின் நடுவில், சேலத்தில் கம்ப்யூட்டர் விற்றுப் பழுதும் பார்க்கும் சிறிய கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. மற்றவர்கள் கொண்டை ஊசி வளைவுகளைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டதில், மலைமேல் இருந்த ஆபீஸ்கள் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன.

அன்று போக வேண்டியிருந்தது செம்மநத்தம் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த நாள். ஆபீஸ் என்றால் இரண்டே அறைகள். முன்னறையில் டைப்பிஸ்ட் அம்மாவின் கம்ப்யூட்டர். உள்ளறையில், மேனேஜரின் மேசைக்குப் பக்கத்தில் சர்வர். மூட்டைக் கணக்கு, ஆள் கணக்கு எல்லாம் அதற்குள்தான். சுவரோரம் ஓடும் ஒரே கறுப்புக் கேபிள் வழியாகத்தான் முன்னறைக் கம்ப்யூட்டர் அவற்றை எடுத்துக் காட்டும். காலையிலிருந்து அது சர்வரைக் காணோம் என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் வாசற்படியிலேயே நின்றிருந்தார்.

"சர்வரைக் காணோமாம். ஹோட்டல்ல போயித் தேடச் சொன்னனுங்க" என்றார்.

தன் அறையில் சர்வர் நன்றாக ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆகவே தப்பு முன்னறையில்தான் என்பது அவர் முடிவு. அந்தம்மா எதையோ அமுக்கியிருக்கும் என்றார். சேலத்தில் இருக்கும் முதலாளிக்குப் போன் போட்டு அதைச் சொல்லியும் விட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தம்மா காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகைக்கு, இந்த நாற்காலிக்குக் கம்ப்யூட்டர் படித்த பெண் யாராவது. இதைச் சொல்லிவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு ஜீப்பில் காப்பி உலர்த்தும் களத்துக்குப் போய்விட்டார். இதெல்லாம் நடக்கும்போது அந்த அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் மஞ்சக்குட்டை கிராமத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஜீப் சத்தம் மறைந்த பிறகுதான் பேசினார்.

"பூஜைக்கு மொத நாளு மூடி வெச்சுட்டு ஊட்டுக்குப் போனவதான் கண்ணு. இன்னைக்குத்தான் தொறக்கறேன். நான் எதை அமுக்கறது?"

பிறகு கொட்டகையைப் பற்றிச் சொன்னார். அங்கேதான் பல வருடம் கொட்டை பொறுக்கியிருக்கிறார். அந்தத் தூசியில் இளைப்பு வந்து, டாக்டர் வேறு வேலை பார்க்கச் சொல்லி, சர்ச்சில் சாயங்கால வகுப்புக்குப் போய் டைப் கற்றுக்கொண்டு இந்த நாற்காலிக்கு வந்தவர்.

"மறுபடியும் அதுக்குள்ள போனா எனக்கு நொம்ப நாளைக்கு மூச்சு உட முடியாது" என்றார், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல.

பழுது பார்க்க என்னிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சாரம், அப்புறம் கேபிள், இணைப்புகள், உள்ளே இருக்கும் கார்டு, கடைசியாகத்தான் புரோகிராம். களைத்துப் போன நாட்களில் யோசிக்காமல் கை அதன் போக்கில் செய்துகொண்டு போகும் என்பதற்காகவே வைத்துக்கொண்ட வரிசை. புகார் சொல்லும் கம்ப்யூட்டரிலிருந்துதான் தொடங்குவேன். பெட்டியைத் திறந்து, கார்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன். இணைப்பை மாற்றினேன். கேபிளைச் சுவரோரமாக அந்தப் பூட்டிய கதவு வரைக்கும் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் திரையில் அதே வரி வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். மீதி வேலை பூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பனி இறங்கி ஜன்னலை மூடியது. நாங்கள் இருவரும் டீ குடித்தபடி மேனேஜருக்காகக் காத்திருந்தோம்.

அவர் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அறையைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை. சர்வரின் நெற்றியில் சந்தனம், குங்குமம், தலையில் வாடிய கதம்பம். அவர் சொன்னது சரிதான், நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பின்பக்கம் பார்த்தேன். கேபிள் வந்து சேரும் இடத்தில் ஒரு வாய் திறந்து கிடந்தது.

அந்தக் கேபிளுக்கு இரண்டு முனையிலும் விரல் நுனி அளவில் உலோக மூடி ஒன்று இருந்தாக வேண்டும். அது வேறு எதோடும் சேர்ந்திருக்காது, பார்த்தால் சும்மா மாட்டி வைத்ததுபோல் இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் போகும் செய்தி திறந்த முனையில் மோதித் திரும்பி வந்து, கேபிள் முழுவதையும் குழப்பிவிடும். என் பெட்டியில் வேறு மூடி இல்லை.

மேனேஜரிடம் கேட்டேன். என்ன மூடி என்றார். சொல்ல வாயெடுத்தபோதுதான் சுவரில் சரஸ்வதி படத்துக்குக் கீழே இருந்த பலகையைப் பார்த்தேன். மூடி அங்கே மல்லாக்க வைக்கப்பட்டிருந்தது. அதன் குழிக்குள், எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி நிமிர்ந்து நின்றது.

"பத்தி குத்தறதுக்கு வாழப்பழந்தானுங்க வெச்சிருந்தேன். கொரங்கு தூக்கீட்டுப் போயிருச்சு" என்றார். "இது பின்னால சும்மா இருந்துச்சு. எதுலயும் சேரல. வெச்சுப் பார்த்தேன், கச்சிதமா நின்னுச்சு."

சாம்பலைத் தட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மாட்டினேன். முன்னறையில் மூட்டைக் கணக்கு வந்துவிட்டது. மேனேஜர் என் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். முதலாளியிடம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம், காரணம் எதற்கு என்றார்.

தலையாட்டியிருக்கலாம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் தொழிலில் ஓடத் தொடங்கிய பிறகு காரணத்தை யாரும் கேட்பதும் இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"காரணம் சொல்லாமப் போனா, அடுத்த பூஜைக்கும் என்னையத்தான் கூப்பிடுவீங்க சார். இந்த அக்கா அதுக்குள்ள கொட்டகையில இருப்பாங்க. நீங்களே சொல்லீருங்க. இல்லீன்னா நாளைக்குச் சேலத்துல நான் நேர்ல போய்ச் சொல்றேன்."

மேனேஜர் உள்ளே போய்ப் போன் டயலைச் சுழற்றினார். கதவைச் சாத்தவில்லை.

"ஆமாங்க... ஊதுபத்திங்க... இல்லீங்க, அந்தம்மா இல்லீங்க. நாந்தானுங்க."

அதற்குப் பிறகு நெடுநேரம் அந்தப் பக்கமே பேசியது. வெளியே வந்தவர், அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "அவிங்களே இருக்கட்டும்னுட்டாரு." சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். எனக்கு பஸ் போய்விட்டிருந்தது.

அந்த அம்மா எழுந்து தன் மேசைக்குப் பின்னால் போனார். கேபிளின் இந்த முனையிலும் அதே மாதிரி மூடி இருக்கும். இதுவா என்று கேட்டார். ஆமாம், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திருகிக் கழற்றிவிட்டார். திரும்பி வந்து ஒரு கீயைத் தட்டி, காத்திருந்து, திரையில் வந்த வரியை எழுத்தெழுத்தாக, சத்தமாகப் படித்தார். மறுபடியும் பின்னால் போய் மாட்டினார். கணக்கு வந்தது. இன்னொரு முறை கழற்றினார்.

"என்ன, மறுபடியும் போயிருச்சா?" என்று உள்ளிருந்து மேனேஜர் கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றார் அவர், மூடியைத் திருகிக்கொண்டே. "நான்தான் கழட்டி வெச்சிருக்கேன்."