நான்காவது நகர்த்தல்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. அக்கா வீட்டுக்காரரைச் செஸ்ஸில் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கே பதினாறு வருஷம் போயிற்று.

அத்தான் கொத்தனார். பலகையிலும் சுவர்தான் எழுப்புவார். வெள்ளைக் காய்களைத் தாராளமாக மச்சானிடம் தள்ளிவிட்டு, கறுப்பில் எப்போதும் அதே காரோ-கான் தடுப்பு. இரண்டு சிப்பாய்களை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்துவார், மந்திரியை வெளியே கொண்டுவருவார். நான்காவதாக மெக்கானிக் குதிரையை எடுப்பார். அதற்குப் பிறகு காற்றுகூட நுழையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிராவில் முடியும், இல்லாவிட்டால் மெக்கானிக் பொறுமையிழந்து தோற்பார்.

"சும்மா முட்டிக்காத மச்சான், மண்டைதான் வீங்கும்" என்பார் அத்தான்.

மெக்கானிக் விடவில்லை. மொட்டைமாடி மோட்டார் அறைகளின் சுவரிலெல்லாம் சாக்பீஸால் கட்டம் போட்டு யோசித்தார். "அண்ணன் லிஃப்ட ரிப்பேர் பண்றாரா, குதிரைய ரிப்பேர் பண்றாரா?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். அப்படி ஒருநாள்தான் அது கிடைத்தது. நான்காவது நகர்த்தலில் குதிரை வேண்டாம். ஓரத்தில் சும்மா நிற்கும் யானைச் சிப்பாயை இரண்டு கட்டம் விரட்டினால் அத்தானின் மந்திரிக்கு மூச்சு முட்டும். உலகத்தில் யாராவது ஏற்கெனவே ஆடியிருப்பார்கள். இருந்தாலும் இது அவரே கண்டுபிடித்தது.

அடுத்த ஞாயிறே ஆடியிருக்கலாம். அங்கேதான் செஸ் பைத்தியங்களுக்கே உரிய கஞ்சத்தனம் வந்தது. புது நகர்த்தல் ஒரு தடவைதான் அதிர்ச்சி கொடுக்கும். எல்லாப் பதில்களையும் பார்த்து முடிக்கும்வரை பழையதையே ஆடுவோம் என்று மூன்று வாரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். நான்காவது வாரம் அத்தான் வேலையிடத்தில் சுருண்டு விழுந்தார். பக்கவாதம்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். "பலகையையே பாத்துக்கிட்டு இருக்காருடா. வந்து ஒரு ஆட்டம் ஆடு."

அத்தானின் இடது கை மடியில் கிடந்தது. வலது கை பழைய பழக்கத்தில் மூன்று காய்களைச் சரியாகவே வைத்தது. மெக்கானிக் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார்.

அத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு குதிரையை எடுத்து, மந்திரியைப் போலக் குறுக்கே ஒரு கட்டம் வைத்தார்.

"இது... இப்படித்தானே போகும்?"

அந்தக் கண்களில் இருந்த பயத்தை மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. பதினாறு வருஷத்து ஆசையின்மேல் அவருக்கே வெறுப்பு வந்தது.

"நான்தான் தப்பா வெச்சுட்டேன் அத்தான்." குதிரையை அதன் இடத்துக்கு அனுப்பினார், தன் சிப்பாயைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தன் பழைய குதிரையை எடுத்து வைத்தார்.

அத்தானின் கை தானாக நகர்ந்தது. ஒவ்வொரு காயாக, அதே சுவர் எழும்பியது. அது முடிந்து கை தயங்குவதற்குள் மெக்கானிக் கையை நீட்டினார்.

"டிரா, அத்தான்."

பாதி வாயால் சிரித்தார் அத்தான். "இந்த வாரமும் முடியலையா மச்சான்?"

"முடியல அத்தான்" என்றார் மெக்கானிக். கண் கலங்கிப் பலகையில் எதுவும் தெரியவில்லை.