தட்டுவதற்கு முன்பே வந்த பதில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் காதில் பூ சுற்றுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இது நடந்தது. நட்டநடு ராத்திரியில் இல்லை, சுடுகாட்டுப் பக்கமும் இல்லை. பட்டப்பகலில், ட்யூப்லைட் எரிகிற ஆபீசில், பக்கத்து சீட்டுக்காரர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட அவளுக்குத் தூக்கம் வராது. அதனால் ஆபீசில் அவளுக்குப் பெயரே கமா. கதை கட்டுகிற ஆள் இல்லை.

லிஃப்ட் செய்கிற கம்பெனி அது. லிஃப்டை ஓட்டும் சாஃப்ட்வேர், அதைப் பழுதுபார்க்கும் முறை எல்லாம் ஆயிரக்கணக்கான பக்கங்களாக ஆன்லைனில் கிடக்கும். மெக்கானிக்குகள் அந்த மேனுவலை போனில் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் டவர் கிடைக்காது என்பதால் காலையிலேயே மொத்தத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் கமாவின் வேலை. அவள் புருஷனும் லிஃப்ட் மெக்கானிக். அவள் திருத்துகிற பக்கத்தை நம்பித்தான் அவன் தினமும் லிஃப்டுக்கு அடியில் இறங்கி நிற்கிறான். இதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

“உங்க மேனுவல்ல பாதி லிங்க் செத்துக் கிடக்கு. தொட்டா ‘பக்கம் இல்லை’ன்னு வருது. இதுக்கு சம்பளம் வேற” என்று வீட்டில் அவன் சீண்டுவான்.

ரோஷம் வந்துவிட்டது. அவள் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். ஒவ்வொரு லிங்காகப் போய்த் தட்டிப் பார்க்கும். உள்ளேயிருந்து பதில் வந்தால் பக்கம் இருக்கிறது. வராவிட்டால் செத்த லிங்க். சரியான பக்கத்தைத் தேடிப் பிடித்துத் தானே ஒட்டிவிடும். லிங்க் விட்டுப்போன இடத்திலும் பொருத்தமானதைப் போட்டுவிடும். காலையில் அவளுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பும். அதற்கு அவள் வைத்த பெயர் தட்டுவான்.

தட்டுவான் முதல் ஓட்டத்திலேயே நூற்றுக்கணக்கான லிங்கைச் சரிசெய்துவிட்டான். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்து பாராட்டிவிட்டுப் போனார். கமா ரிப்போர்ட்டைச் சாவகாசமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

ஓர் இடத்தில் கண் நின்றது.

‘பிரேக்கைக் கையால் விடுவித்தல்’ என்ற பக்கம். லிஃப்ட் நடுவில் சிக்கிக்கொண்டால் மேலே மோட்டார் ரூமில் ஒருவர் நெம்புகோலை இழுத்து பிரேக்கை விடுவிக்க வேண்டும். அதில் நெம்புகோலை இழுக்கும் இடத்துக்கு முன்னால் ‘இதைச் செய்யும் முன்’ என்று ஒரு லிங்க். தட்டுவான் கணக்கில் அது நலம். தட்டினான், பதில் வந்தது. ஆனால் கமா தொட்டுப் பார்த்தால்... பக்கம் இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. மற்ற பக்கங்கள் தட்டிய மாத்திரத்தில் பதில் சொல்லியிருந்தன. இது மட்டும் வெகுநேரம் கழித்துச் சொல்லியிருந்தது. தூங்குகிற ஆள் எழுந்து, தடவித் தடவி வாசலுக்கு வருகிற நேரம்.

சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய்க் கேட்டாள். அவர் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அந்த அட்ரஸ்ல ஒண்ணுமே இல்ல கமா. எப்பவுமே இருந்ததில்ல.”

“அப்ப பதில் சொன்னது யாரு?”

“உங்க தட்டுவானைத்தான் கேக்கணும்” என்று சிரித்தார்.

கமா அந்த லிங்கைக் கையாலேயே எடுத்துப்போட்டாள். எடுத்த அந்தக் கணம்...

டிங்.

அவள் சீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய லிஃப்ட் உண்டு. சோதனைக்காகக் கட்டியது. ‘பழுது’ என்று போர்டு மாட்டி, கரண்டையும் பிடுங்கி வைத்திருந்தார்கள். பார்ட்ஸ் வரவேண்டும் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அது வந்து நின்ற மாதிரி மணி அடித்தது. கதவு திறக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் பிஸ்கட்டை மென்றுகொண்டே இருந்தார். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை ரிப்போர்ட்டில், ‘விட்டுப்போன லிங்க் மீண்டும் சேர்க்கப்பட்டது’ என்று இருந்தது. அதே லிங்க், அதே முகவரி. பதில் வந்த நேரம் மட்டும் குறைந்திருந்தது.

எடுத்தாள். டிங்.

அடுத்த நாளும் வந்து ஒட்டிக்கொண்டது. நேரம் இன்னும் குறைந்திருந்தது. வருகிறவர் இப்போது வாசலுக்கு அருகிலேயே இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. படுத்தாள், எழுந்தாள், வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தாள், மறுபடி படுத்தாள்.

“தாழ்ப்பாள் எங்கயும் ஓடிப்போகாது. தூங்கு” என்றான் புருஷன்.

“ஏங்க, அந்த பிரேக் பக்கம் இருக்குல்ல... அதை இப்ப யாராவது பாக்குறாங்களா?”

“நாளைக்கு நானே பாக்கணும். குடோன்ல சரக்கு லிஃப்ட் ஒண்ணு லோடோட நடுவுல சிக்கிக் கிடக்கு.”

அவளுக்குத் திக்கென்றது. எழுந்து லேப்டாப்பைத் திறந்து லிங்கை எடுத்தாள். தட்டுவானை நிறுத்தினாள். நிறுத்தியதை மறுபடி சரிபார்த்தாள். அப்புறம்தான் கண்ணை மூடினாள். காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோதே அவன் போனில் மேனுவலை இறக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான்.

ஆபீஸ் வந்து உட்கார்ந்தாள். மெயிலைத் திறந்தாள்.

நிறுத்தி வைத்த தட்டுவானிடமிருந்து ரிப்போர்ட் வந்திருந்தது. ஒரே ஒரு லிங்க் சேர்க்கப்பட்டிருந்தது.

தட்டிய நேரம் ஒரு வரி, பதில் வந்த நேரம் ஒரு வரி என்று எப்போதும் இரண்டு வரி இருக்கும். அவள் விரலை வைத்துப் படித்தாள். பதில் மேல் வரியில் இருந்தது. தட்டியது கீழ் வரியில் இருந்தது.

தட்டுவதற்கு முன்பே பதில் வந்திருக்கிறது.

அந்த லிங்க் இப்போது அவன் போனில் இருக்கிறது. தொட்டால் என்ன வரும்? யார் எழுதியது? மேனுவலில் ஒரு வார்த்தை தப்பினால் பள்ளத்தில் நிற்கிறவன் கதி என்ன? எதையோ ஒன்றைத் தன் கையாலேயே அவனிடம் அனுப்பிவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால்.

மறுபடி போட்டாள். அதே குரல்.

டிங்.

திரும்பினாள். பழைய லிஃப்டின் கதவு மூடியேதான் இருந்தது.

டிங்... டிங்...

எழுந்து போனாள். ஏன் போனாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கதவின் முன் நின்றாள். உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

தட்டிப் பார்க்கலாம் என்று கையைத் தூக்கினாள்.

கை கதவைத் தொடவில்லை.

டக். டக்.

உள்ளேயிருந்து.

அவள் கையில் இருந்த போன் அடித்தது. புருஷன்.

“ஏம்மா...” அவனுக்கு மூச்சு வாங்கியது. “நான் நல்லா இருக்கேன். முதல்ல அதைக் கேட்டுக்கோ.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். குடோனில் அவன் பள்ளத்தில் இறங்கியிருக்கிறான். அடியில் சிக்கியிருந்ததை எடுத்தாயிற்று. பள்ளத்துச் சுவரில் இருக்கும் சிவப்பு ஸ்டாப் சுவிட்சையும் அழுத்தியாயிற்று. அதை அழுத்தினால் லிஃப்ட் தலைமேல் வந்து விழாது என்றுதான் பல மெக்கானிக்குகள் நினைப்பார்கள். மேலே கூட்டாளி நெம்புகோலில் கை வைத்துக் காத்திருந்தான். கீழேயே நின்று லிஃப்ட் எப்படி வருகிறது என்று பார்க்கலாம் என்பது இவன் யோசனை. குரல் கொடுக்கும் முன் போனில் அந்த லிங்கைத் தொட்டிருக்கிறான்.

“டவரே இல்ல. ஆனா தொட்ட உடனே பக்கம் வந்துச்சு. ‘இந்த நேரத்தில் பள்ளத்தில் ஆள் நிற்கக் கூடாது. ஸ்டாப் சுவிட்ச் கரண்டைத்தான் நிறுத்தும், லிஃப்டைப் பிடிக்காது. நின்று பார்த்தாயிற்று’ன்னு போட்டிருந்துச்சு. கீழ ஒரு போட்டோ. அதைப் பாத்ததும் மேல ஏறி வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“மேல இருந்த கூட்டாளி நெம்புகோலை இழுத்தான். லோடோட நேரா கீழ வந்து உக்காந்துச்சு. நான் நின்ன இடத்துல. நல்லா எழுதியிருக்க. இனிமே உன்னைச் சீண்ட மாட்டேன்.”

“நான் எழுதலங்க” என்றாள். அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் அவன் போனை வாங்கிப் பார்த்தாள். லிங்கைத் தொட்டால், பக்கம் இல்லை.

மறுநாள் மேனேஜரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அந்த லிங்கைப் போட்டது யார் என்று கேட்டாள். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் ஓர் அம்மா இருந்தார். ஆபீசே அவரை டபுள்செக் என்றுதான் கூப்பிடுமாம். வேலையை விட்டுவிட்டார் என்று கமாவிடம் சொல்லியிருந்தார்கள்.

“விடல கமா” என்றார் மேனேஜர். “எதையும் தானே செஞ்சு பாக்காம எழுத மாட்டாங்க. முதல்ல லிங்கைப் போட்டுடுவாங்க, போய்ப் பாத்துட்டு வந்துதான் பக்கத்தை எழுதுவாங்க. அன்னைக்கும் லிங்கைப் போட்டுட்டு, ஸ்டாப் சுவிட்ச் பிடிக்குதான்னு பாக்குறேன்னு கீழ இறங்கினாங்க. இதோ, உங்க சீட்டுக்குப் பின்னாடி இருக்கே, அதே லிஃப்ட்தான். அந்தப் பக்கத்தை எழுதவே இல்ல.”

“அதுல ஒரு போட்டோ இருந்துச்சாம் சார்.”

“போட்டோ எடுக்கத்தான் போனைக் கையில வெச்சிருந்தாங்க. அதுவும் அவங்களோட நொறுங்கிப் போச்சு. என்ன எடுத்தாங்கன்னு யாருக்குமே தெரியாது.”

கமாவுக்குத் தெரியும். புருஷன் சொல்லியிருந்தான். கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்த போட்டோ. லிஃப்டின் அடிப்பாகம் முகத்துக்கு நேரே, மிக அருகில். ஓரத்தில், சிவப்பு சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை.

அன்றே கமா அந்தப் பக்கத்தை எழுதினாள், புருஷன் படித்துச் சொன்ன அதே வார்த்தைகளில். போட்டோ வைக்கவில்லை. அதற்குப் பிறகு பழைய லிஃப்டில் மணி அடிக்கவில்லை. தட்டுவானும் தினமும் ஒழுங்காக ஓடுகிறான். எல்லாப் பக்கங்களும் அவன் தட்டிய பிறகுதான் பதில் சொல்கின்றன.

அந்த ஒரு பக்கம் மட்டும் இன்னமும் தட்டுவதற்கு முன்பே பதில் சொல்கிறது. கமா அதைச் சரிசெய்யவில்லை.