சின்ன மாமியின் படம்

என் கட்டிலுக்குக் கீழே ஒரு நினைவுத்தூண் இருந்தது. மற்றப் பிள்ளைகளின் கட்டிலுக்குக் கீழே பழைய சப்பாத்தும் தொலைந்துபோன பென்சிலும் கிடக்கும். எனக்கு வாய்த்தது இது. பாரிசில், மார்க்ஸ் டோர்மோய் பகுதியில், லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடியில், கையை நீட்டினால் சுவரில் இடிக்கும் வீட்டில் நாங்கள் குடியிருந்ததே பெரும்பாடு. அதற்குள் தூணும் மூன்று துண்டாகக் கழற்றப்பட்டு, பழைய போர்வையால் சுற்றப்பட்டு, வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

அப்பா 'எங்கடை ஊர்' என்று சொல்லும் ஊரை அப்போது நான் கண்டதில்லை. அது ஒரு எல்லைக் கிராமம். வயல் முடிந்தால் குளம், குளம் முடிந்தால் காடு. யுத்த காலத்தில் ஒரு விடியற்காலை அந்தக் காட்டுப் பக்கமிருந்து துவக்குகளோடு வந்தவர்கள், அகப்பட்டவர்களையெல்லாம் கொன்று, வீடுகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். பின்னர் ஊரார் அங்கே வைத்த நினைவுக்கல்லை யாரோ இரவோடிரவாக உடைத்தார்கள். திரும்ப வைக்க அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே பாரிசுக்கு வந்து சேர்ந்த ஊர்க்காரர்கள் பலகையிலும், தொட்டால் உதிரும் வெள்ளை ரெஜிஃபோம் அட்டையிலும் ஒரு தூணைச் செய்தார்கள். வருடத்தில் ஒருநாள் மண்டபத்தில் எழுந்து நிற்கும். மற்ற நாளெல்லாம் என் முதுகுக்குக் கீழே படுத்திருக்கும்.

ஏன் எங்கள் வீட்டில்? தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடை வைத்திருந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் நிலக்கீழ் அறை இருந்தது. அங்கே அரிசி மூட்டை இருக்கிறதாம், இடமில்லையாம். அப்பாவுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் ஐந்து மாடி ஏற்றிக்கொண்டுவந்து என் தலையில் கட்டினார்கள். ரெஜிஃபோம் தூள் என் காலுறையில் ஒட்டும், புத்தகப் பைக்குள் போகும், சில நாள் சோற்றிலும் வரும். ஒருமுறை வீட்டுக்கு வந்த வகுப்புத் தோழி குனிந்து பார்த்து, அது என்ன என்று கேட்டாள். நினைவுத்தூண் என்றேன். அப்படியென்றால் ஏன் படுத்திருக்கிறது என்றாள். அவளை அதன் பிறகு நான் கூப்பிடவேயில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது சின்ன மாமி விஷயம்தான்.

அன்று ஊரில் கொல்லப்பட்டவர்களில் அப்பாவின் தங்கையும் ஒருத்தி. முறைப்படி எனக்குச் சின்ன மாமி. ஆனால் செத்தபோது அவளுக்கு வயது எட்டு. இந்தக் கதை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. என்னைவிட இளைய மாமியை 'அவ' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டுமா, 'அவள்' என்றால் போதுமா என்று அம்மாவிடம் கேட்டு ஒரு குட்டும் வாங்கியிருக்கிறேன். அப்பாவும் அவருடைய அக்காவான பெரிய மாமியும் அப்போது பட்டணத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் தப்பினார்கள். சின்னவள்தானே, அடுத்த வருடம் வரட்டும் என்று அவளை வீட்டிலேயே விட்டிருந்தார்கள். வீடு எரிந்தபோது படங்களும் எரிந்துபோயின. சின்ன மாமியின் படம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

இதனால் யாருக்குக் கஷ்டம்? எனக்குத்தான். பெரிய மாமி புறநகரிலிருந்து ரயிலேறி வரும்போதெல்லாம், தேத்தண்ணி ஆறுவதற்குள் அவருக்கும் அப்பாவுக்கும் தொடங்கிவிடும்.

"அவளுக்கு எங்கடை அம்மான்ரை மூக்கு" என்பார் அப்பா.

"உனக்கென்ன விசரே? அது ஐயான்ரை மூக்கு. இஞ்சை வா பிள்ளை" என்று பெரிய மாமி என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார். அப்பா மற்றப் பக்கம் திருப்புவார். நெற்றி யாருடையது, காது யாருடையது என்று என் தலையைச் சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் உருட்டிப் பார்ப்பார்கள். தொலைக்காட்சியில் என் நிகழ்ச்சி முடிந்தே போய்விடும்.

அந்த வருடம் நினைவுநாளுக்கு முன் குழுக் கூட்டம் வழக்கம்போல எங்கள் வீட்டில் நடந்தது. பலசரக்குக் கடை வைத்திருந்த தலைவர் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இந்தமுறை பேர் மட்டும் போதாது. தூணிலை எல்லாற்றை படமும் வரவேணும். படம் இல்லாத ஆக்களுக்கு ஒரு மெழுகுதிரிப் படம் ஒட்டிவிடுவம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா ஆட்டவில்லை.

"என்ரை தங்கச்சி மெழுகுதிரி இல்லை" என்றார்.

அவர் வாயிலிருந்து 'இல்லை' வந்ததை நான் கேட்டது அதுதான் முதல்முறை. அம்மா தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றார். அப்ப படம் கொண்டு வாரும் என்று தலைவர் அண்ணை முடித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அப்பா எனக்கு இரட்டைப் பின்னல் பின்னினார். ஒரு பின்னல் காதுக்கு மேலே, மற்றது காதுக்குக் கீழே. வெள்ளைச் சட்டை போடச் சொன்னார். எதற்கு என்றால், பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னிடம் படம் கேட்கவில்லையே என்று நான் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

ரூ பெர்தொனே தெருவில் இருந்த ஸ்ரூடியோ அண்ணை சாமத்தியச் சடங்குப் படங்களுக்குப் பேர்போனவர். அவரிடம் அருவி இருந்தது, அன்னம் இருந்தது, ஈஃபில் கோபுரமும் இருந்தது. எனக்கு எந்தத் திரையையும் தொங்கவிடாமல் வெறும் சாம்பல் சுவரின் முன் நிறுத்தினார். அப்பா என் கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"சிரிக்காதை பிள்ளை."

"கொஞ்சம் சிரிச்சால் வடிவாயிருக்கும் அண்ணை" என்றார் ஸ்ரூடியோ அண்ணை.

"வேண்டாம். இது சிரிக்கிற படமில்லை."

எனக்கோ சிரிக்காதே என்றால்தான் சிரிப்பு வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சலிப்பில் முகம் தானாகவே செத்துப்போனதும் எடுத்தார்கள்.

நினைவுநாள் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில், ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் நடந்தது. தூண் எழுந்து நின்றது. கட்டிலுக்குக் கீழே கிடந்த சனியனா இது என்று எனக்கே ஆச்சரியம். மின்குமிழ், மாலை, சோடனை என்று மிடுக்காக இருந்தது. ஆட்கள் வரிசையில் போய்ப் பூப்போட்டார்கள். என் கையிலும் ஒரு பூவைத் திணித்துத் தள்ளிவிட்டார்கள். கிழவர்கள், இளம் பெடியன்கள், ஒரு கைக்குழந்தை என்று பார்த்துக்கொண்டே போனேன். கீழ் வரிசையில், கறுப்பு வெள்ளையில், மாலை போட்டுக்கொண்டு நான் இருந்தேன்.

ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே.

கோபம் வந்தால் எனக்குப் பிரெஞ்சுதான் வரும். "மே ஸே முவா!" என்று மண்டபம் அதிரக் கத்தினேன். எனக்கு நானே பூப்போட வந்து நிற்கிறேன், இதைவிட ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்! யாரோ வாயைப் பொத்தினார்கள். கையைத் தட்டிவிட்டுத் தமிழிலும் கத்தினேன்: "அது நான்! அது நான்!"

விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அம்மா போத்தலோடு ஓடிவந்தார். பார்த்தார். "ஐயோ கடவுளே! உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டிருக்கிறியளே, நீங்கள் ஒரு தகப்பனோ?"

தலைவர் அண்ணை ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவிடம், "தங்கச்சி, நகரசபையிலையிருந்து ஆள் வந்திருக்கு. ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்கொள்ளுங்கோ, முடிஞ்ச உடனை கழற்றுவம்" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் ஒலிவாங்கியே கீச்சென்று கத்தியது.

அப்பா தூணருகில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அவளுக்கு ஒரு முகம் வேணுமெண்டுதான்..." என்றார்.

அப்போதுதான் பெரிய மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தின் முன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். இவர் இப்போது அவளேதான் என்று அழப்போகிறார், என் பாடு முடிந்தது என்று நினைத்தேன்.

"பிழையடா தம்பி" என்றார் பெரிய மாமி. "இது அவள் இல்லை. அவள் ஒருநாளும் இப்பிடி மூஞ்சையை வைச்சுக்கொண்டு நிண்டதில்லை. எந்தநேரமும் இளிச்சுக்கொண்டெல்லோ திரிவாள்."

"மூக்கு?" என்று கேட்டார் அப்பா.

"மூக்கு எனக்கு எப்பவோ மறந்துபோச்சு. சும்மா உன்னோடை சண்டை பிடிக்கிறனான். சிரிப்பு மட்டும்தான் ஞாபகமிருக்கு."

"எனக்கு அதுவும் இல்லை அக்கா."

அம்மா மாலையை அறுத்தெறிந்து என் படத்தைப் பிடுங்கிக்கொண்டார். தலைவர் அண்ணை எங்கிருந்தோ ஒரு மெழுகுதிரிப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அப்பா அதை வாங்கி, தானே பசை தடவி, மூலைகளை விரலால் அழுத்தி ஒட்டினார். ஒட்டிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்.

தெருவில் மரக்கறிக் கடைகளுக்கு முன் சனிக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. லா சப்பலில் மெட்ரோ தலைக்கு மேலே ஓடும் இரும்புப் பாலத்தின் கீழே வந்ததும் அப்பா நின்றார். என் முன்னால் குந்தியிருந்து, என் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார்.

"பிள்ளை, ஒருக்கால் சிரி பாப்பம்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. முதலில் சிரிக்காதே என்பது, மாலையைப் போட்டுச் சாகடிப்பது, இப்போது நடுத்தெருவில் வைத்துச் சிரி என்பது! "நோன்" என்று பிரெஞ்சில் மறுத்தேன்.

"ஒரு சின்னச் சிரிப்பு."

இன்னும் இறுக்கமாக உதட்டைக் கடித்தேன். மேலே ஒரு ரயில் தடதடத்துப் போய் முடியும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டு, "சரி, விடு" என்று எழுந்தார்.

என்னைச் சமாதானப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். இலேசில் சமாதானமாகிவிடக் கூடாது என்று ஐந்தாம் மாடி ஏறும்வரை முகத்தை உம்மென்றே வைத்திருந்தேன். தங்கச்சியின் முகம் மறந்துபோன ஒரு மனிதர், அதைத் தேடிப் பார்க்க மிச்சமிருந்த ஒரே இடத்தின் முன்னால் குந்தியிருந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.