குளிரறையில் காய்ந்த தகடு

விரல் தடிமனுள்ள கம்பியின்மேல் வைத்து அந்தத் தகட்டை வளைத்தபோது சடக்கென்று ஒரு சத்தம். முறிந்தது தகடு இல்லை, அதன்மேல் இருந்த பூச்சு. வெளிறிப்போயிருந்த படலம் செதில் செதிலாக மேசையில் உதிர்ந்தது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். இப்போதும் வீட்டில் யாராவது அப்பளத்தை நொறுக்கினால் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

போலகம் பக்கத்தில் ஒரு சிறிய பூச்சுப் பட்டறை. விசைப்படகுகளின் இரும்புக் கைப்பிடிகள் அங்கே வரும். கலவையும் தரமும் பார்ப்பது நான். ஸ்ப்ரே கன்னைப் பிடிப்பவர் மேஸ்திரி அண்ணன். அவர் அடித்த பரப்பில் முகம் பார்க்கலாம். இந்த மாசியில் அவர் காலமாகிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்; இனி நேரில் சொல்ல ஆளில்லை.

ஓர் ஐப்பசியில் வேலை குவிந்தது. சீக்கிரம் காயட்டுமே என்று, பூச்சை இளக்க ஊற்றும், மெதுவாக ஆவியாகும் கரைப்பானை விட்டுவிட்டு வேகமாகப் பறக்கும் ஒன்றைக் கலந்தேன். அவருக்கு மனசில்லை.

“இந்த ஈரக் காத்துக்கு இது ஆகாதும்மா. அவசரமா காஞ்சா புடிமானம் இருக்காது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்தது நானா, அவரா? புதுக் கலவை பூசிக் காயவைத்த சோதனைத் தகட்டை அவர் முன்னாலேயே வளைத்துக் காட்டினேன்; கீறல்கூட விழவில்லை. கன்னை எடுத்துக்கொண்டு போய் அடித்தார். தூசி படக்கூடாதென்று சோதனைத் தகடுகளை எப்போதும் என் ஏசி அறையில்தான் காயவைப்போம். கைப்பிடிகளோ கடற்காற்று அடிக்கும் கொட்டகையில் காய்ந்தன. அந்த வித்தியாசம் என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மூன்றே வாரத்தில் பூச்சு உரிந்தது. முதலாளி கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன், கொட்டகையிலேயே ஒரு தகட்டைக் காயவைத்து, அறைக்குக் கொண்டுவந்து வளைத்துப் பார்த்தேன். அப்போது கேட்டதுதான் அந்தச் சத்தம். கரைப்பான் சட்டென்று பறந்ததில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் இறங்கியிருக்கிறது. பாலிமர் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. செதில்களைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். கலவை சரி, அடித்ததில்தான் கோளாறு என்று முதலாளியிடம் சொன்னேன். அண்ணன் உரிந்த கைப்பிடி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றோடு அவரை நிறுத்திவிட்டார்கள். நானெல்லாம் என்ன மனுஷி!

போன வருஷம் திருநள்ளாறு பஸ் நிறுத்தத்தில் அவரே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். ஏதோ ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலையாம். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். பக்கத்தில் நின்ற தன் மகளிடம், இந்தம்மா சோதனை பார்த்தால் தப்பே வராது என்று பெருமையாகச் சொன்னார். பிறகு தன் வலது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

“எனக்குக் கைதான் போயிடுச்சு போலம்மா. தகடு கீறல் விழாம வளைஞ்சுதே, நானே பாத்தேனே. அதுக்கப்புறம் கன்னைத் தொடவே பயமா போச்சு.”

அங்கேயே, அந்த மகள் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். என் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி, நின்றிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அது நெடுங்காடு போகிற பஸ். நெடுங்காட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.